வேனுக்குள் இண்டக்‌ஷன் அடுப்பு: பேட்டரியும் சோலாரும் எவ்வளவு வேண்டும்?

வேனைக் கேம்பராக மாற்றுகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "எத்தனை ஏ.ஹெச். பேட்டரி போடலாம்?" என்றுதான். ஏ.ஹெச். (ஆம்பியர்-அவர்) என்பது பேட்டரியின் கொள்ளளவு. சமையலைப் பொறுத்தவரை அது இரண்டாவது கேள்வி. அடுப்பு முழு வேகத்தில் ஓடும்போது பேட்டரியிலிருந்து எத்தனை ஆம்பியர் இழுக்கும், அந்தக் கரண்டை வழியில் இருக்கும் ஒவ்வொரு பாகமும் தாங்குமா என்பதே முதலில் பார்க்க வேண்டியது. ஃபேன், லைட், செல்போன் சார்ஜர் எல்லாம் ஓடும் வண்டியில் இண்டக்‌ஷன் அடுப்பைப் போட்டதும் சிஸ்டம் மொத்தமும் படுத்துவிடுவது இதனால்தான். பேட்டரியில் சார்ஜ் இருக்கும், ஆனால் கேட்ட வேகத்தில் அதைக் கொடுக்க முடியாது.

கணக்கைப் பார்ப்போம். 1500 வாட் அடுப்பு. இன்வெர்ட்டரில் பத்துப் பன்னிரண்டு சதவீதம் வெப்பமாகப் போகும் என்று வைத்துக்கொண்டால் பேட்டரி தர வேண்டியது சுமார் 1700 வாட். 12 வோல்ட் சிஸ்டத்தில் இது 135 ஆம்பியர். பேட்டரி கொஞ்சம் இறங்கியிருந்தால் 140-ஐத் தாண்டும். 24 வோல்ட்டில் அதே அடுப்புக்கு 67 ஆம்பியர் போதும். ஒயரில் வீணாகும் வெப்பம் கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. கரண்ட் பாதியானால் அதே ஒயரில் சூடு கால்வாசியாகிவிடும். ஃபேனும் லைட்டும் மட்டும் என்றால் 12 வோல்ட் போதும். மின்சாரத்தில் சமைக்கப் போகிறீர்கள் என்றால் 24 வோல்ட்டுக்குப் போய்விடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. 12 வோல்ட் ஃபேனுக்கும் பம்புக்கும் ஒரு சின்ன 24-12 கன்வெர்ட்டர் வைத்தால் தீர்ந்தது.

பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே 2 மீட்டர் என்றால் போக வர 4 மீட்டர் செம்புக் கம்பி. 16 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 135 ஆம்பியர் ஓடினால் 0.6 வோல்ட் ஒயரிலேயே தொலையும், 80 வாட் வெப்பமாகும். அதே இடத்தில் 35 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 36 வாட். 24 வோல்ட்டில் 25 சதுர மில்லிமீட்டர் ஒயரே போதும். 13 வாட்டுக்கு மேல் போகாது. ஒயரை எவ்வளவு குட்டையாக வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. பேட்டரியைப் பின்சீட்டுக்கு அடியிலும் இன்வெர்ட்டரை டிரைவர் சீட்டுக்குப் பின்னாலும் வைத்துவிட்டு நடுவில் நாலு மீட்டர் ஒயர் ஓட்டுவது வெட்டிச் செலவு.

ஒயரை விட, அதன் முனையில் நசுக்கிப் பொருத்தும் லக்தான் மோசம். சுத்தியலால் தட்டியோ கட்டிங் பிளேயரால் நசுக்கியோ போட்ட லக் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். உள்ளே இழைகளுக்கு நடுவே காற்று. இரண்டு மில்லிஓம் தடை இருந்தால் போதும், 135 ஆம்பியரில் அந்தக் கட்டைவிரல் அளவு இடத்தில் 36 வாட் வெப்பம் பிறக்கும். ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் லக்கின் மேல் போட்ட ஹீட் ஷ்ரிங்க் உறை பழுப்பாகும், பிறகு லக்கை ஒட்டிய ஒயரின் ரப்பர் கெட்டிப்பட்டு வெடிக்கும், கடைசியில்தான் வாசனை வரும். ஹைட்ராலிக் கிரிம்பிங் டூல் வைத்திருக்கும் எலக்ட்ரிகல் கடையில் ஒயரைக் கொடுத்து அடித்து வாங்குங்கள். ஒயரின் சைஸும் லக்கின் சைஸும் ஒன்றாக இருக்க வேண்டும். பெரிய லக்கில் கம்பித் துண்டு செருகி நிரப்பும் வேலையெல்லாம் கூடாது. வண்டி குலுங்கக் குலுங்க போல்ட் தளரும், ஆகவே ஸ்பிரிங் வாஷர் அவசியம். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஸ்பேனர் வைத்து எல்லாவற்றையும் ஒரு சுற்று பாருங்கள். அடுப்பை 10 நிமிடம் ஓட்டி, அணைத்துவிட்டு, ஒவ்வொரு லக்கையும் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் பிரச்சினை.

அடுத்தது பி.எம்.எஸ்., அதாவது லித்தியம் பேட்டரிக்குள் இருந்து அதைப் பாதுகாக்கும் எலக்ட்ரானிக் போர்டு. 12.8 வோல்ட் 100 ஏ.ஹெச். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிகள் பலவற்றில் உள்ளே இருப்பது 100 ஆம்பியர் பி.எம்.எஸ். அதாவது தொடர்ந்து 1280 வாட்தான். இன்வெர்ட்டர் இழப்பைக் கழித்தால் அடுப்புக்கு 1100 வாட் தேறும். 1500-இல் வைத்தீர்கள் என்றால் பி.எம்.எஸ். மொத்தமாக இணைப்பைத் துண்டித்துவிடும். லைட்டும் போகும், ஃப்ரிட்ஜும் நிற்கும். "பேட்டரி ஃபுல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு ஆஃப் ஆயிடுச்சு" என்ற புகாரில் பெரும்பாலும் பேட்டரி மேல் குற்றமில்லை. வாங்கும்போது ஏ.ஹெச். எவ்வளவு என்பதோடு, தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தரும் என்றும் கேளுங்கள். கடைக்காரர் உச்ச கரண்ட்டைச் சொல்லி மழுப்பினால் டேட்டா ஷீட்டைக் கேளுங்கள்.

வீட்டு யூ.பி.எஸ்.-க்குப் போடும் டியூபுலர் பேட்டரியே போதாதா என்ற கேள்வி வரும். 150 ஏ.ஹெச். என்று எழுதியிருப்பது 20 மணி நேரத்தில் மெதுவாக, அதாவது 7.5 ஆம்பியர் வீதம் இழுத்தால் கிடைக்கும் கணக்கு. அதில் 130 ஆம்பியர் இழுத்தால் எழுதியதில் பாதி கிடைப்பதே பெரிது. வோல்ட்டேஜ் சரிந்து இன்வெர்ட்டர் அதற்கு முன்னாலேயே கத்தத் தொடங்கிவிடும். ஒவ்வொன்றும் ஐம்பது அறுபது கிலோ. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும், தூங்கும் இடத்தில் அதற்குத் தனிக் காற்றோட்டம் வேண்டும். 25.6 வோல்ட் 100 ஏ.ஹெச். லித்தியம் பேட்டரி இருபத்தைந்து கிலோவுக்குள் முடிந்துவிடும், 90 சதவீதம் வரை பயன்படுத்தலாம். ஏற்கெனவே கையில் டியூபுலர் இருந்தால் அதை ஃபேனுக்கும் லைட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள், அடுப்புக்கு வேண்டாம்.

ஆனால் லித்தியத்துக்கு ஒரு குணம் உண்டு: ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். வீட்டு ஏ.சி. எம்.சி.பி.யை அங்கே போடாதீர்கள். ஏ.சி.யில் கரண்ட் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் தீப்பொறி தானாக அணையும், டி.சி.யில் அது அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். டி.சி. ரேட்டிங் எழுதப்பட்ட ஹெச்.ஆர்.சி. ஃபியூஸோ கிளாஸ் டி (Class T) ஃபியூஸோ போடுங்கள். 24 வோல்ட், 2000 வாட் இன்வெர்ட்டர் என்றால் 125 ஆம்பியர் ஃபியூஸ் சரியாக இருக்கும். ஆனால் ஒயர் அதற்கு மேல் தாங்குவதாக இருக்க வேண்டும். ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரைத்தான், இன்வெர்ட்டரை அல்ல.

இன்வெர்ட்டரும் அடுப்பின் தந்திரமும்

இன்வெர்ட்டர், வீட்டுக் கரண்ட் போலச் சீரான அலையில் தரும் ப்யூர் சைன் வேவ் வகையாகத்தான் இருக்க வேண்டும். ஸ்கொயர் வேவில் இண்டக்‌ஷன் அடுப்பு உறுமும், அல்லது எர்ரர் காட்டி நிற்கும், மிக்சி சூடாகும். வீட்டு யூ.பி.எஸ்.-இல் 1100 வி.ஏ. என்று போட்டிருந்தால் வாட்டில் அது 900-க்குப் பக்கம்தான், அடுப்புக்கு ஆகாது. லித்தியம் மோடு இல்லாத யூ.பி.எஸ்.-இன் சார்ஜர், டியூபுலருக்கான வோல்ட்டேஜில் ஏற்றி பி.எம்.எஸ்.-ஐ அடிக்கடி துண்டிக்க வைக்கும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் இன்வெர்ட்டர்களில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் ஓரிரு நொடி தாங்கும் உச்சம். தொடர்ந்து தரும் வாட் எவ்வளவு, அதுவும் 40 டிகிரி வெயிலில் எவ்வளவு என்று பாருங்கள்.

அடுப்பை 400 வாட்டில் வைத்தால் 400 வாட்தான் இழுக்கும் என்று நம்பி 600 வாட் இன்வெர்ட்டர் வாங்குகிறவர்கள் உண்டு. மலிவான அடுப்புகள் அப்படி வேலை செய்வதில்லை. குறைந்த செட்டிங்கில் அவை சில நொடி 1000, 1200 வாட்டில் ஓடி, சில நொடி நின்று, மறுபடி ஓடும். சராசரிதான் 400. பேட்டரியும் இன்வெர்ட்டரும் பார்ப்பது அந்த 1200-ஐ. டி.சி. கிளாம்ப் மீட்டரை பேட்டரி ஒயரில் மாட்டிப் பார்த்தால் எண் ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரியும்.

2000 வாட் அடுப்பு வாங்கியிருந்தாலும் 1000 வாட்டில் ஓட்டிப் பழகுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் 28 டிகிரியிலிருந்து கொதிக்க 84 வாட்-அவர் வெப்பம் வேண்டும் (ஆயிரம் வாட்-அவர் ஒரு யூனிட்). 2000 வாட்டில் அது மூன்று நிமிடம், 1000 வாட்டில் ஆறு நிமிடம். அந்த மூன்று நிமிடம் பொறுத்தால் ஒயர், லக், ஃபியூஸ், பி.எம்.எஸ்., இன்வெர்ட்டர் எல்லாவற்றுக்கும் சுமை பாதி. அதே காரணத்தால் 1500 வாட் கெட்டிலை வண்டிக்குள் ஏற்ற வேண்டாம். அதில் வேகத்தைக் குறைக்க வழியே இல்லை.

பாத்திரம் பற்றியும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் இருக்கும் அலுமினிய குக்கர் இதில் ஏறாது, அடியில் இரும்புத் தகடு பதித்த இண்டக்‌ஷன் பேஸ் வேண்டும். காந்தம் ஒட்டினால் சரி. தோசைக்கல்லில் ஒரு சிக்கல்: அடுப்பின் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) 18 சென்டிமீட்டர் அகலம் இருக்கும், கல் 28 சென்டிமீட்டர். நடுவே முறுகி, ஓரம் வெள்ளையாக நிற்கும். அடி கனத்த இரும்புக் கல்லை 600 வாட்டில் ஐந்து நிமிடம் காயவிட்டு, பிறகு சிறிய தோசையாக வார்த்தால் சமாளிக்கலாம். மெல்லிய நான்-ஸ்டிக் கல்லில் இது நடக்காது. எந்தப் பாத்திரமும் வைக்கலாம் என்று விற்கும் இன்ஃப்ராரெட் அடுப்பு வீட்டுக்கு நல்லது. வண்டியில் அது தன்னையும் வண்டியையும் சூடாக்கிய பிறகுதான் பாத்திரத்துக்கு வரும்.

அடுப்பு காற்றை அடியிலிருந்து இழுக்கும். செய்தித்தாளை விரித்து மேலே வைத்தால் தாள் விசிறியில் ஒட்டிக்கொண்டு இரண்டு நிமிடத்தில் ஓவர்ஹீட். பின்பக்கம் நாலு விரல் இடமாவது விடுங்கள்.

ஒரு நாள் சமையலுக்கு எத்தனை யூனிட்

இருவருக்கு, பேட்டரியிலிருந்து போகும் அளவு என் கணக்கில் இப்படி வரும். காலைக் காபிக்கு அரை லிட்டர் பால் காய்ச்ச 70 வாட்-அவர். ஒரு தட்டு இட்லி, தண்ணீர் கொதிப்பதையும் சேர்த்து 200. கால் கிலோ அரிசி 400 வாட் எலக்ட்ரிக் குக்கரில் 190. பருப்பு குக்கரில் ஏறி விசில் வந்து, பிறகு சிம்மில் பத்து நிமிடம், மொத்தம் 200. ஒரு பொரியலும் தாளிப்பும் 160. ராத்திரி எட்டு தோசைக்கு 380. கல்லைச் சூடாகவே வைத்திருக்க வேண்டியிருப்பதால் பட்டியலில் தோசைதான் பெரிய செலவாளி. குடிக்க ஒரு லிட்டர் வெந்நீர் 115. மிக்சிக்கு 30, வாட் அதிகமானாலும் ஓடுவது இரண்டே நிமிடம். கூட்டினால் 1350, அதாவது ஒன்றேகால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல்.

டேபிள்டாப் கிரைண்டர் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு: 150 வாட் மோட்டார்தான், அரை மணி ஓடினாலும் நூறு வாட்-அவரைத் தாண்டாது. ஆனால் கிளம்பும் நொடியில் ஐந்தாறு மடங்கு கரண்ட் கேட்கும். மாவு நிரப்பிய பிறகு ஸ்டார்ட் செய்யாமல், காலியாக ஓடவிட்டு அரிசியைப் போடுங்கள்.

ஆவியில் போவதைத்தான் யாரும் எண்ணுவதில்லை. 100 மில்லி தண்ணீர் ஆவியானால் 63 வாட்-அவர் போச்சு. மூடியில்லாமல் கொதிக்கவிட்ட சாம்பார் ஒன்று ஒரு லிட்டர் தண்ணீர் காய்ச்சும் செலவை மேலே அனுப்பிவிடும். அந்த ஆவி வேனின் தகரத்தில் நீராகப் படிந்து படுக்கையில் சொட்டும். குக்கரில் முதல் விசில் வந்ததும் 300, 400-க்கு இறக்குங்கள். கேரளத்தில் சூடாறாப்பெட்டி என்று விற்கும் தெர்மல் குக்கர் வண்டிக்கென்றே செய்ததுபோல இருக்கும்: அரிசியைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்துப் பெட்டிக்குள் இறக்கினால் மீதியை அந்தச் சூடே பார்த்துக்கொள்ளும்.

இதற்கு மேல் 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜுக்கு நாளொன்றுக்கு 400 முதல் 500, இரவு முழுக்க ஓடும் பி.எல்.டி.சி. ஃபேனுக்கு 250. இன்வெர்ட்டரை ஆன் செய்தே விட்டுவிட்டால் சும்மா இருக்கும்போதும் 25 வாட் தின்னும். 24 மணி நேரத்தில் 600. அதாவது சாதமும் பருப்பும் பொரியலும் செய்யும் கரண்ட் ஒன்றுமே செய்யாமல் போகும். அடுப்பு மேடையிலேயே இன்வெர்ட்டருக்கு ரிமோட் சுவிட்ச் வைத்துவிடுங்கள், சமைத்து முடித்ததும் அணைக்கலாம். இன்வெர்ட்டரை இப்படி அணைத்து வைத்தால் ஆக மொத்தம் இரண்டு யூனிட்டை ஒட்டி வரும். 25.6 வோல்ட் 100 ஏ.ஹெச். பேட்டரி 2.56 யூனிட் பிடிக்கும். ஒரு நாளுக்குச் சரி. மழை நாளும் தாங்க வேண்டுமென்றால் இரண்டு.

மீதம் எவ்வளவு என்பதை வோல்ட்மீட்டரில் பார்க்காதீர்கள். இந்த வகை லித்தியத்தில் 30 சதவீதத்துக்கும் 70 சதவீதத்துக்கும் வோல்ட்டேஜ் கிட்டத்தட்ட ஒன்றுதான். நெகட்டிவ் லைனில் ஷண்ட் (போகிற வருகிற கரண்ட்டை அளக்க உதவும் சிறு தடை) வைத்த பேட்டரி மானிட்டர் போடுங்கள். எல்லா நெகட்டிவ் ஒயரும் ஷண்ட்டின் மறுபக்கத்தில் சேர வேண்டும். ஒன்று நேராக பேட்டரிக்குப் போனாலும் கணக்கு தப்பும்.

கூரையில் சோலார்

540 வாட் பேனல் ஒன்று சுமார் 2.28 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம், 28 கிலோ. டெம்போ டிராவலர் போன்ற வண்டியில் ஒன்று வசதியாக உட்காரும், கூரையில் ஏ.சி.யோ ஹேட்ச்சோ இல்லாவிட்டால் இரண்டு. தமிழ்நாட்டில் சூரியன் தலைக்கு மேலே போவதால் படுக்கவைத்த பேனலில் வருடம் முழுக்க இழப்பது சில சதவீதமே. சாய்க்கும் ஸ்டாண்டுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். இங்கே எதிரி வெப்பம். மே மாத மதியத்தில் பேனல் 65 டிகிரியைத் தொடும், அதில் மட்டும் 14 சதவீதம் போகும். கூரைக்கும் பேனலுக்கும் நடுவே இரண்டு அங்குலம் காற்றுப் போக இடம் விடுங்கள். ஐந்து மணி நேர நல்ல வெயில், மொத்த இழப்பு 30 சதவீதம் என்று வைத்தால் ஒரு பேனல் நாளுக்கு 1.9 யூனிட் தரும். ஐப்பசி கார்த்திகை மழையில் இதில் மூன்றில் ஒரு பங்கு கூடக் கிடைக்காத நாள்கள் உண்டு.

இரண்டு பேனலை சீரிஸில் போட்டால் ஓபன் சர்க்யூட் வோல்ட்டேஜ், அதாவது கரண்ட் எதுவும் இழுக்காதபோது இருக்கும் வோல்ட்டேஜ், 99-க்கு வரும். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே வைக்கும் எம்.பி.பி.டி. சார்ஜ் கன்ட்ரோலர் 100 வோல்ட் வரை தாங்கினால் போதும் என்று தோன்றும். போதாது. பேனல் குளிர்ந்தால் வோல்ட்டேஜ் ஏறும். ஊட்டியில் 5 டிகிரிக் காலையில் அது 104-ஐத் தொடும், முதல் வெயில் பட்டதும் கன்ட்ரோலர் காலி. 150 வோல்ட் வகை வாங்குங்கள், அல்லது பேனல்களைப் பேரலலில் போடுங்கள். தென்னை மர நிழலில் நிறுத்தும் பழக்கமுள்ளவர்களுக்குப் பேரலலே நல்லது. ஒன்றில் மட்டை நிழல் விழுந்தாலும் மற்றொன்று அதன்பாட்டுக்கு வேலை செய்யும்.

ஊட்டி என்றதும் இன்னொன்று. பூஜ்யத்துக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் செய்யக் கூடாது. டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் பி.எம்.எஸ்.-இல் குளிர் தடுப்பு இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு போங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நெடுநேரம் ஆகும், குக்கர்தான் வழி. சமவெளியில் பிரச்சினை நேர் எதிர். வெயிலில் பூட்டி நிறுத்திய வேன் உள்ளே 55 டிகிரி தாண்டும், பல பி.எம்.எஸ்.-கள் சார்ஜை நிறுத்தும் எல்லை அதை ஒட்டித்தான். பேட்டரியைத் தரையோடு, சீட்டுக்கு அடியில், இன்ஜின் சூடு வராத பக்கம், காற்று போகும் பெட்டியில் வையுங்கள்.

சமைக்க நல்ல நேரம் பகல் பதினொன்றிலிருந்து இரண்டு. பேனலில் வருவது நேராக அடுப்புக்கே போகும், பேட்டரி இடைவெளியை மட்டும் நிரப்பினால் போதும். பேட்டரி நிரம்பிய பிறகு வரும் வெயில் வீண். அந்த நேரத்தில் வெந்நீர் போட்டு ஃபிளாஸ்கில் ஊற்றி வைத்துக்கொண்டால் இரவுச் செலவு குறையும்.

பற்றாக்குறையை வண்டி ஓடும்போது ஈடுகட்டலாம். ஆல்டர்னேட்டரிலிருந்து நேராக ஒயர் இழுத்து லித்தியத்தில் கொடுக்காதீர்கள். கேட்ட அளவுக்கெல்லாம் அது உறிஞ்சும், ஆல்டர்னேட்டர் கருகும். 400 வாட் அளவில் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் டி.சி.-டி.சி. சார்ஜர் வையுங்கள். வண்டியின் பேட்டரி 12 வோல்ட், சமையலுக்கான பேட்டரி 24 வோல்ட் என்றால் வோல்ட்டேஜை ஏற்றித் தரும் வகை வேண்டும். இரண்டு மணி நேர ஓட்டத்தில் 800 வாட்-அவர் சேரும்.

கேஸோடு ஒப்பிட்டால் இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். நியாயமான கேள்வி. 5 கிலோ சிலிண்டரில் 64 யூனிட் வெப்பம் இருக்கிறது. பர்னரில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் பாத்திரத்துக்குப் போகும் என்றாலும், நம் 100 ஏ.ஹெச். பேட்டரியை இருபது முறைக்கு மேல் ஏற்றி இறக்க வேண்டும் அதற்கு. செலவில் கேஸை இது ஜெயிக்காது. மூடிய வண்டிக்குள் தீயும் கார்பன் மோனாக்சைடும் இல்லை, கசிந்த கேஸ் காற்றை விடக் கனமாகித் தரையில் தேங்கும் பயம் இல்லை என்பதற்காகத்தான் இவ்வளவும். வாரக்கணக்கில் மழைப் பகுதியில் சுற்றுகிறவர்கள் வெளியே வைத்துச் சமைக்க ஒரு சின்ன கேஸ் அடுப்பு வைத்திருப்பதில் தவறில்லை.

லாட்ஜிலோ உறவினர் வீட்டிலோ வெளிக் கரண்ட் எடுக்க ஒரு வழி வைப்பீர்கள். அந்த லைனும் இன்வெர்ட்டர் அவுட்புட்டும் ஒருபோதும் சேரக் கூடாது. இரண்டு போல் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வழியாகத்தான் பிளக்குகளுக்குப் போக வேண்டும். சேர்ந்தால் இன்வெர்ட்டர் அந்த நொடியே புகையும். பிளக்குகளுக்கு முன்னால், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடுங்கள். இன்வெர்ட்டரில் நியூட்ரலும் எர்த்தும் இணைக்கப்படாமல் இருந்தால் அது டிரிப்பே ஆகாது என்பதால், இன்வெர்ட்டர் மேனுவலில் பார்த்து அந்த இணைப்பைச் செய்து, வண்டியின் சேசிஸையும் எர்த்தோடு சேர்க்கச் சொல்லுங்கள். வெளிக் கரண்ட்டுக்கு மாறும்போது அந்த இணைப்பு விலகிவிட வேண்டும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ஆர்.சி.சி.பி.யில் உள்ள டெஸ்ட் பட்டனோடு விடாமல், ஒரு பிளக்கில் டெஸ்டரை மாட்டி இரண்டு நிலையிலும் டிரிப் ஆகிறதா என்று பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.